வணக்கம் வண்டிக்காரர்

விழவில்லை. வலது கட்டைவிரல் விழவில்லை, இடது கட்டைவிரல் விழவில்லை, ஆள்காட்டி விரலும் விழவில்லை. மாடக்கண்ணு மாமா ஒவ்வொரு தடவையும் விரலை வேட்டியில் துடைத்து, வாயால் ஒரு ஊது ஊதி, பயபக்தியோடு கொண்டுபோய் மிஷின் கண்ணாடியில் வைக்கிறார். அது ஒரு கீச்சுச் சத்தம் போட்டுவிட்டு 'ரேகை பொருந்தவில்லை' என்று எழுதிக் காட்டுகிறது. முப்பது வருசம் சுண்ணாம்புக் காளவாசலில் கல் அள்ளிய கை. ரேகை என்று ஒன்று மிச்சம் இருந்தால் அல்லவா பொருந்துவதற்கு. ரேசன் கடை மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த வடிவு மிஷினைப் பார்க்கவில்லை. இழுப்பறையை ஒரு சாண் திறந்துவைத்து, ரசீது ரோலுக்கும் ஸ்டாம்ப் பேடுக்கும் நடுவில் மல்லாக்கக் கிடந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணி ஒன்பது ஐம்பது. ஒரு மணி வரைக்கும்தான் கெடு. "விழலை மாமா. செத்த நேரம் ஓரமா உக்காருங்க, கடைசியில பாப்போம்" என்றாள். போன மாதமும் இதையேதான் சொன்னாள், அதற்கு முந்தின மாதமும். கடைசி என்று ஒன்று வருவதற்குள் சர்வர் படுத்துவிடும், அல்லது அரிசி தீர்ந்துவிடும், அல்லது பெரியவருக்கே அலுத்துப்போய் எழுந்து போய்விடுவார். அவர் பையை மடியில் வைத்துக்கொண்டு எண்ணெய் டின் மேல் உட்கார்ந்தார். அடுத்தது என்றாள் வடிவு, அடுத்த விரல் வந்தது, அது பொருந்தியது, இருபது கிலோ அண்ணாச்சி என்று எடை போடும் செல்லையா அண்ணாச்சிக்குக் குரல் கொடுத்தாள், கண் மட்டும் இழுப்பறையை விட்டு வரவில்லை.

பொருந்தவில்லை. பதினொரு நாளாக இந்த ஒரு சொல்லைத்தான் தின்று கொண்டிருக்கிறாள். 'வணக்கம் வண்டிக்காரர். உங்கள் கணக்கில் உள்ள பெயரும் வங்கியில் உள்ள பெயரும் பொருந்தவில்லை. உங்கள் கவலையை நாங்கள் முழுமையாகப் புரிந்துகொள்கிறோம்.' என்னத்தைப் புரிந்துகொண்டாய் நீ. யார் நீ முதலில். ரியா என்று பெயர் போட்டு, தலையில் மைக்கு மாட்டிக்கொண்டு சிரிக்கிற ஒரு பெண் படம். காலையில் கேட்டாலும் ரியா, சாயங்காலம் கேட்டாலும் ரியா, ஞாயிற்றுக்கிழமை கேட்டாலும் ரியா, இந்தப் புள்ளைக்கு லீவே கிடையாதா, சோறு தண்ணி கிடையாதா, வீட்டுக்குத் தூரமாகிற நாள் கூடக் கிடையாதா. ஆளே கிடையாது, அதுதான் விசயம். இருந்தால் ஒரு தடவையாவது வாய்தவறி எரிந்து விழுந்திருக்கும். வடிவு கேட்ட கேள்விக்கு எந்த மனுசப்பிறவிக்கும் கோபம் வந்திருக்கும். ஆப்பு, ஆப்பு என்கிறார்களே, இதை எறக்கு அக்கா, இது நல்ல ஆப்பு என்று, பெயரிலேயே சொல்லித்தான் வைத்திருக்கிறான் ஆப்பு என்று. நாம்தான் அதில் போய் உட்கார்ந்தோம். ஏழு மாசமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முப்பத்தெட்டாயிரம் இந்த ஆப்பில் சுற்றுகிற சூதாட்டச் சக்கரத்துக்குள் போட்டிருக்கிறாள். நூறு, இருநூறு, கிராக்கி இல்லாத மத்தியானங்களில் இந்த மேசையிலேயே உட்கார்ந்து. ஒவ்வொரு தடவை போடும்போதும் ஒரு மணிச் சத்தம், 'வணக்கம் வண்டிக்காரர், உங்கள் பணம் பத்திரமாக வந்து சேர்ந்தது.' அன்றைக்கெல்லாம் பெயர் பொருந்தியதா. முப்பத்தெட்டாயிரம் ரூபாய்க்கும் பொருந்திய பெயர், திருப்பிக் கொடுக்கவேண்டிய அன்றைக்கு எப்படிடா பொருந்தாமல் போகும். இந்தக் கேள்வியைப் பதினேழு தடவை கேட்டுவிட்டாள். பதினேழு தடவையும் நன்றி என்றுதான் பதில் வந்தது.

ஜீனி இல்லையா என்றாள் ஒருத்தி. பத்து மணிக்கு மேல் மூட்டை பிரிக்கிறோம் என்றாள் வடிவு. வாய் அதுபாட்டுக்குச் சொன்னது. அந்தப் பெயர், அதுதான் எல்லாத்துக்கும் மூலம், அதை நினைக்காமல் இருக்கலாம் என்றால் அங்கேயேதான் போய்ச் சிக்குகிறது. முதல் நாள் அந்த ஆப்பு கேட்டது, முதல் பெயர். வடிவு என்று அடித்தாள். அடுத்த கட்டத்தில் குடும்பப் பெயர். இந்த ஊரில் எவன் வீட்டில் குடும்பப் பெயர் இருக்கிறது, இனிஷியல்தான் இருக்கிறது. வீட்டுக்காரர் பெயர் தவசிக்கனி, அதனால் 'த' என்று அடித்தாள். கட்டம் சிவப்பாகிவிட்டது, மூன்று எழுத்துக்குக் குறையக் கூடாதாம். கொஞ்ச நேரம் யோசித்தாள். குடும்பப் பெயர் என்றால் குடும்பத்தை எப்படிக் கூப்பிடுவார்கள் என்பதுதானே, வேறு என்ன. இந்தக் கடையில் ரேசன் வாங்கும் எண்ணூறு கார்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், கோயில் வரிச் சீட்டில் அப்படித்தான் எழுதுகிறார்கள், பத்திரிகை வைக்க வருகிறவன் கவரில் அப்படித்தான் எழுதுகிறான். வண்டிக்காரர் வீடு. தவசி லோடு வண்டி ஓட்டியபோது விழுந்த பெயர். கோவில்பட்டிக்குத் தீப்பெட்டி லோடு, தூத்துக்குடியிலிருந்து உப்பு லோடு, ஊரில் எவனுக்கு அவசரம் என்றாலும் ஆஸ்பத்திரிக்கும் அந்த வண்டிதான். பிரசவத்துக்கு இருந்தவர்களை மெத்தை விரித்து ஏற்றிக்கொண்டு போய் இறக்கியிருக்கிறார், ஒருத்தரிடம் டீசல் காசு கேட்டதில்லை. அதனால் வடிவு கூசாமல் 'வண்டிக்காரர்' என்று அடித்தாள். கட்டம் பச்சையானது. எழுதியபோது மனசுக்குள் ஒரு பெருமையும் இருந்தது, அதை இப்போது நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. தப்பு என்னுடையதுதான் என்று ஒரு மனசு சொல்லும். உடனே இன்னொரு மனசு சண்டைக்கு வரும், என்ன தப்பு, பொய்யா எழுதினேன், அடுத்தவன் பெயரையா எழுதினேன் என்று. இந்த இரண்டு மனசுக்கும் நடுவில் பதினொரு நாளாக அவளுக்குச் சரியாகச் சோறு இறங்கவில்லை.

பரிசு விழுந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கறிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டே ஒரு கையால் சக்கரத்தைத் தட்டிவிட்டாள், வெங்காயக் கண்ணீரில் திரை மங்கலாகத் தெரிந்தது. மத்தாப்புச் சிதறுகிற மாதிரிக் காட்டியது, ஏதோ விளம்பரம் என்று நினைத்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் மூன்று லட்சத்துப் பதினெட்டாயிரத்து நானூறு. எண்ணைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அடுப்பை அணைத்துவிட்டுப் போய்த் தவசியிடம் காட்டினாள். அவர் கட்டிலில் உட்கார்ந்து முட்டிக்கு மேலே முடிந்துபோன இடது காலுக்குத் தேங்காயெண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். சர்க்கார் முகாமில் கொடுத்த கட்டைக்கால் மூலையில் சாத்திக் கிடந்தது. அதை மாட்டினால் தோல் கிழிந்துவிடுகிறது, அரை மணி நேரம் நிற்க முடியாது, மடங்கவும் மடங்காது. "ஆடுனியா" என்றார் முதலில். ஆமா என்றாள். கோபப்படுவார் என்று நினைத்தாள், அவர் எண்ணெய்க் கையோடு போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "மடங்குற காலு வாங்கலாமோ" என்றார். அவ்வளவுதான் கேட்டார். கால் போன இந்த நாலு வருசத்தில் அந்த மனுசன் தனக்கென்று கேட்டது அந்த ஒன்றுதான். வடிவு அன்றைக்குச் சாயங்காலமே மதுரையில் செயற்கைக் கால் செய்கிற இடத்துக்குப் போன் போட்டாள். இரண்டு லட்சத்துத் தொண்ணூறாயிரம், முட்டி மடங்கும், மாடி ஏறலாம், கியர் இல்லாத வண்டி என்றால் ஓட்டக்கூடச் செய்யலாம் என்றார்கள். புதன்கிழமை கூட்டிக்கொண்டு போனாள். மாவுக்கட்டை நனைத்து அந்தத் தொடையைச் சுற்றிச் சுற்றி அச்சு எடுத்தார்கள், தவசி ஆஸ்பத்திரிக்கு வந்த ஆள் மாதிரி இல்லாமல் சட்டை தைக்கக் கொடுக்க வந்த மாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு நின்றார். அளவு எடுக்கிறவர் சொன்னார், சதை வத்தும் ஊதும், அதனால பத்து நாள் தாண்டினா இந்த அச்சு ஆகாது, இருபதாம் தேதிக்குள்ள பணத்தைக் கட்டிருங்க என்று. இன்றைக்குத் தேதி பதினெட்டு.

ஒன்றொன்றாகக் கேட்டார்கள். ஆதார் கேட்டார்கள், அனுப்பினாள், அதில் வெறும் வடிவு. பாங்குப் புத்தகம் கேட்டார்கள், அதில் த. வடிவு. மூன்று வடிவும் ஒரே ஆள் என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்றார்கள். வாயில் நல்லதாக வந்தது, அடக்கிக்கொண்டாள். முகத்துக்குப் பக்கத்தில் ஒரு காகிதத்தைப் பிடித்துக்கொண்டு போட்டோ அனுப்பு என்றார்கள், காகிதத்தில் தேதியும் ஆப்பின் பெயரும் எழுதியிருக்கணுமாம். போலீஸ் ஸ்டேசனில் பலகை பிடித்து நிற்கிற திருட்டுக் கேஸ் மாதிரி அதையும் பிடித்துக்கொண்டு நின்றாள், தவசிதான் படம் எடுத்தார். வெளிச்சம் போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். வெயிலில் நின்று எடுத்தாள். கண் மூடியிருக்கிறது என்றார்கள். கரண்ட் பில் கேட்டார்கள், அது வீட்டுக்காரம்மா பெயரில் இருக்கும், வாடகை வீட்டில் வேறு யார் பெயரில் இருக்கும். இவ்வளவும் கேட்கிறவன் ஒன்றுக்கு மட்டும் எதையும் கேட்கவில்லை, அதுதான் அவள் வயிற்றை எரித்தது. அந்த மூன்று லட்சமும் ஆப்புக்குள் பளபளவென்று அப்படியே நிற்கிறது. வெளியே எடுக்க விடமாட்டான், ஆனால் அதை வைத்து ஆட விடுகிறான். நூறு வைக்கலாம், ஆயிரம் வைக்கலாம், முழுசையும் ஒரே சுத்தில் வைக்கலாம், அதற்குப் பெயர் பொருந்தவேண்டாம், போட்டோ வேண்டாம், கரண்ட் பில் வேண்டாம். தோற்கிறவன் யாராக இருந்தாலும் அவனுகளுக்குச் சம்மதம், ஜெயிக்கிறவன்தான் யார் என்று நிரூபிக்கணும். எடுபட்ட பயலுக. அடம்பிடித்து இந்தப் பதினொரு நாளில் அவள் ஒரு ரூபாய் வைக்கவில்லை. விரல் போகும். போய் அந்தச் சக்கரத்துக்கு மேலே நிற்கும். அப்போது கட்டிலுக்கடியில் தவசி வாங்கி வைத்திருக்கிற புது ஷூ ஞாபகம் வரும். கல்யாணமாகிப் பதினைந்து வருசத்தில் முதல்முதலாக ஷூ, அதிலும் இடது காலுக்கும் சேர்த்து. விரலை எடுத்துவிடுவாள்.

"எதுக்கு அந்த இழுப்பறைக்குள்ளயே தலைய விட்டுட்டு இருக்க" என்றார் செல்லையா அண்ணாச்சி, தராசில் சாக்கைத் தூக்கிவைத்துக்கொண்டே. அவருக்கு மட்டும் விசயம் தெரியும். "இன்னும் பதிலு வரலையா."

"ஒரு மணி வரைக்கும் டைம் குடுத்துருக்கான் அண்ணாச்சி. அதுக்குள்ள நிரூபிக்கலைன்னா எல்லாத்தையும் ரத்து பண்ணிருவானாம்."

"ஸ்டேசன்ல எழுதிக் குடுத்தா என்ன."

"என்னன்னு எழுதிக் குடுக்க. ஆடுனியா நீன்னு என்னத்தான் முதல்ல பிடிச்சு உக்கார வைப்பான்."

அவர் சாக்கைச் சரித்து அரிசியைக் கொட்டினார். அதுதான் அவனுகளுடைய தைரியம் என்று வடிவு நினைத்தாள். வெளியே சொல்ல முடியாத இடத்தில் கையை வைத்திருக்கிறோம், கடித்தாலும் கத்தமாட்டோம் என்று தெரியும். ஆடியது தப்புதான். ரேசன் கடைக்காரி வேலை நேரத்தில் சூதாடினாள் என்று பேப்பரில் வந்தால் இந்த நாற்காலி போய்விடும், பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் சம்பளம் போய்விடும். தப்புப் பண்ணினேன், சரி. அதற்காக என் பணம் உன் பணமாகிவிடுமா. நீ நடத்துகிற ஆட்டம், நீ வைத்த சக்கரம், நீ போட்ட விதி, அந்த விதிப்படி விழுந்தது. உன் சக்கரத்தை நான் என்ன கையால் பிடித்தா நிறுத்தினேன். இப்படி அவள் மனசுக்குள் யாரோ ஒருவனை நிற்கவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள், அவனுக்கு முகம் இல்லை, எந்த ஊர் என்று இல்லை, செருப்பால் அடிக்கலாம் என்றால் கன்னம் இல்லை. ஒருத்தி இடுப்பில் குழந்தையோடு வந்து நின்றாள். அவள் விரலை வைத்தாள், விழவில்லை. இன்னொரு விரல் வைம்மா என்றாள் வடிவு. எண்ணெய் டின் மேல் உட்கார்ந்திருந்த மாடக்கண்ணு மாமா, தன் விரலைத் தானே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணுக்கு இரண்டாவது விரல் விழுந்தது. மாமா விரலை மடக்கிக்கொண்டார். அவரைப் பார்த்ததும் வடிவுக்கு ஒரு நினைப்பு வந்தது, வந்த வேகத்திலேயே அதைத் தள்ளினாள். அது வேறு, இது வேறு. நான் என்ன அவர் அரிசியை எடுத்து என் வீட்டுக்கா கொண்டுபோகிறேன். மிஷின் விடமாட்டேன் என்கிறது, நான் என்ன செய்ய. ரேகை விழாதவர்களுக்கென்று ஒரு நோட்டு இருக்கிறது, உண்மைதான், கார்டு நம்பர் எழுதி, காரணம் எழுதி, கையெழுத்து வாங்கி, தாலுகா ஆபீசுக்குப் போன் போட்டுச் சொல்லணும், அவர்கள் எடுக்கமாட்டார்கள், மறுபடி போடணும். ஒரு ஆளுக்கு அரை மணி நேரம். அறுபது பேர் நிற்கிற நாளில் அதை எவள் செய்வாள். நாளைக்கு வாங்க என்று சொல்வது சுலபம். ரியாவும் சுலபமானதைத்தான் சொல்கிறாள் என்று தோன்றியது. தோன்றியதும் அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்து, கார்டை ஸ்கேன் பண்ணுகிற கை கொஞ்சம் வேகமாகப் போனது.

பன்னிரண்டு இருபதுக்கு இழுப்பறைக்குள் மணி அடித்தது. 'வணக்கம் வண்டிக்காரர். உங்கள் குடும்பப் பெயர் வண்டிக்காரர் என்பதை உறுதிப்படுத்தும் ஆதாரத்தை இன்று பிற்பகல் 1.00 மணிக்குள் சமர்ப்பிக்கவும். இதுவே இறுதி வாய்ப்பு.' நாற்பது நிமிசம். ஊரில் வி.ஏ.ஓ. இருக்கிறாரா, இருந்தாலும் வண்டிக்காரர் என்று சர்டிபிகேட் எந்தக் கணக்கில் கொடுப்பார், கோயில் வரிச் சீட்டு வீட்டில் எங்கே கிடக்கிறதோ, கல்யாணப் பத்திரிகைக் கவரைக் கிழித்துத்தானே பத்திரிகையை எடுக்கிறோம், கவரை யார் வைத்திருக்கிறார்கள். யோசனை ஓடிக்கொண்டே இருந்தது, கண் எதிரே வரிசை நின்றது. நாற்பது பேர் இருப்பார்கள். அந்த வரிசையை அப்போதுதான் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள். எழுந்து நின்றாள். நாற்காலி பின்னால் தள்ளிக்கொண்டு போய்ச் சுவரில் இடித்தது. "அண்ணாச்சி, இதப் பிடிங்க" என்று போனைச் செல்லையா கையில் கொடுத்து, "வீடியோ எடுக்கணும், சிவப்புப் பொட்டை அமுக்குங்க" என்றாள். அவர் அரிசித் தூசிக் கையோடு வாங்கினார். வடிவு மேசையைச் சுற்றிக்கொண்டு வரிசைக்கு முன்னால் போய் நின்றாள். "எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. எங்க வீட்டை என்ன சொல்லிக் கூப்பிடுவீங்க?"

யாருக்கும் புரியவில்லை. இவளுக்கு என்ன வந்தது என்று ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். முன்னால் நின்றவள்தான் சந்தேகமாகச் சொன்னாள், வண்டிக்காரர் வீடுன்னு. சத்தமாச் சொல்லு என்றாள் வடிவு. வண்டிக்காரர் வீடு என்று நாலைந்து பேர் சொன்னார்கள். பின்னால் நின்றவர்களுக்கு விசயம் எட்டி, என்னமோ கேஸு போல, சொல்லுங்கப்பா என்று எட்டி எட்டி வந்து நின்றார்கள். வண்டிக்காரர் வீடுதான், நான் எங்க வேணாலும் வந்து சொல்லுதேன் என்றார் ஒருவர். எம் மவ பிரசவத்துக்கு அந்த வண்டியிலதான் போனா, அவர்தான் ஓட்டுனாரு, பாதி வழியில பிறந்துட்டான் பேரன் என்றாள் இடுப்பில் கூடை வைத்திருந்த ஒருத்தி, கேட்காததற்கும் சேர்த்து. மழையில பாலம் மூழ்குனப்ப சுத்திப் போனாரு என்றார் இன்னொருவர். மாடக்கண்ணு மாமா எண்ணெய் டின்னிலிருந்து எழுந்து, போனுக்கு நேராக வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "எம் பேரு மாடக்கண்ணு. இது வண்டிக்காரர் தவசி சம்சாரம் வடிவு. எனக்கு நல்லாத் தெரியும்" என்றார். கோர்ட்டில் சொல்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். வடிவு, போதும் அண்ணாச்சி என்று போனைப் பிடுங்கினாள். பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு அனுப்பினாள். போய்ச் சேர்ந்ததற்கு இரண்டு கோடு விழுந்தது.

இதற்கு மேல் என்ன வேண்டும் அவனுக்கு. ஒரு ஊரே நின்று சொல்லியிருக்கிறது. வரிசை மறுபடி நகர்ந்தது, விரல்கள் வந்தன, போயின. கிடைத்துவிடும் என்று நினைத்தாள், நினைக்காதே என்று அடக்கினாள். கிடைத்தால் முதலில் மதுரைக்குப் போன், பிறகுதான் தவசிக்கு, இல்லை, தவசிக்குத்தான் முதலில். அவர் ஷூவை எடுத்து வெயிலில் வைத்திருப்பார். தினமும் வைக்கிறார், தோல் இளகணுமாம். அந்த வலது ஷூவை மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து தரையைத் தட்டித் தட்டிப் பார்ப்பார், இடது ஷூ பக்கத்தில் சும்மா இருக்கும், அதைக் காண முடியாமல் அவள் அடுப்படிக்குப் போய்விடுவாள். பன்னிரண்டு ஐம்பத்திரண்டு. மணி அடித்தது. 'வணக்கம் வண்டிக்காரர். உங்கள் ஆதாரம் பரிசீலிக்கப்பட்டது. வீடியோ வடிவிலான ஆதாரம் ஏற்கப்படாது. விதி 14-இன்படி உங்கள் வெற்றித் தொகை ரத்து செய்யப்படுகிறது. இந்த முடிவு இறுதியானது. உங்கள் விசுவாசத்தைப் பாராட்டி ரூ.500 பரிசாக உங்கள் கணக்கில் சேர்க்கப்பட்டுள்ளது. மகிழ்ச்சியாக விளையாடுங்கள்.' கீழே பார்த்தாள். மூன்று லட்சத்துப் பதினெட்டாயிரத்து நானூறு இருந்த இடத்தில் ஐந்நூறு இருந்தது. எட்டு நிமிசம் பாக்கி வைத்து முடித்திருக்கிறான். கெடுவைக்கூட அவன் முழுசாகத் தரவில்லை. அவளுக்கு அழுகை வரவில்லை. இந்த மேசையை அப்படியே தூக்கித் தெருவில் எறியலாம் போல இருந்தது. அந்த வீடியோவை அவன் பார்த்திருக்கவே மாட்டான். இத்தனை பேர் வேலைமெனக்கெட்டு நின்று பேசினார்களே, ஒரு கிழவர் கையைக் கட்டிக்கொண்டு சாட்சி சொன்னாரே, அதைத் திறந்துகூடப் பார்த்திருக்கமாட்டான். பார்த்திருந்தாலும் அவனுக்கு எங்கே புரியும்.

"அரிசி தீரப் போவுது வடிவு, அடிமூட்டைதான் இருக்கு" என்றார் செல்லையா. அவள் நிமிர்ந்தாள். வரிசை கரைந்திருந்தது. மாடக்கண்ணு மாமா மட்டும் மேசைக்கு முன்னால் வந்து, யாரும் சொல்லாமலே விரலை வேட்டியில் துடைத்து, ஊதி, மிஷினில் வைத்தார். கீச். ரேகை பொருந்தவில்லை. "சரி தாயி, நாளைக்கு வாரேன்" என்று அவரே சொன்னார், அவள் சொல்லவேண்டியதை அவளுக்கு மிச்சம் பிடித்து. அவர் பையை மடிக்கத் தொடங்கினார்.

"எங்க போறீங்க" என்றாள் வடிவு. குரல் அவளுக்கே தடிப்பாகக் கேட்டது. "அந்தப் பையக் குடுங்க அண்ணாச்சிகிட்ட. இருபது கிலோ போடுங்க அண்ணாச்சி." இழுப்பறையை முழுசாக இழுத்து, அடியில் கிடந்த அந்த நோட்டை எடுத்து மேசையில் போட்டாள். தூசி பறந்தது. இந்த வருசத்தில் அதில் ஒரு பக்கம்கூட நிரம்பவில்லை.

"தாலுகாவுல கேட்டா" என்றார் செல்லையா.

"கேக்கட்டும். ஆளு முன்னால நிக்காருல்லா. கேட்டா நான் சொல்லிக்கிடுதேன்." காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. 'எனக்கு நல்லாத் தெரியும்' என்று எழுதினாள். அப்படி எழுதக்கூடாது என்றும் தெரியும். "கையெழுத்துப் போடுங்க மாமா, பாத்துக்கிட்டே நின்னா அரிசி தன்னால வந்து பையில விழுமா" என்று அவரிடமும் எரிந்து விழுந்தாள். அவர் குனிந்து, எழுத்தெழுத்தாக, கோடு தாண்டாமல் எழுதினார். ரெண்டு மாசத்து அரிசி இப்படி அவருக்குப் போய்விட்டது, நாளைக்கு வா என்ற ஒரு வார்த்தையில். அந்த இரண்டு மாசத்தை அவள் திருப்பிக் கொடுக்க முடியாது, ஸ்டாக் கணக்கில் இடமில்லை. அவர் அதைக் கேட்கவும் இல்லை.

அப்போதுதான் வெளியே சிமெண்டுத் தரையில் ஊன்றுகோல் சத்தம் கேட்டது. இரண்டு கோலும் ஒன்றாக ஊன்றி, பிறகு ஒற்றைக் கால் வந்து விழுகிற சத்தம், அது அவளுக்கு ஆயிரம் பேருக்கு நடுவிலும் தெரியும். மணி ஒன்றே கால். வீட்டில் உட்கார முடியாமல் வந்துவிட்டார். முக்கால் கிலோமீட்டர் தூரம், உச்சி வெயில். வலது காலில் அந்தப் புது ஷூவைப் போட்டிருந்தார். மாமா ஒதுங்கி வழிவிட்டார், தவசி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினார். வடிவு முகத்தைப் பார்த்தார். கேட்க வேண்டிய அவசியம் இல்லாமல் போனது, இருந்தாலும் கேட்டார். "என்ன சொல்லுதான்."

"தரமாட்டானாம். பேரு பொருந்தலையாம்."

"எந்தப் பேரு?"

அதை மட்டும் அவள் இந்தப் பதினொரு நாளும் அவரிடம் சொல்லவில்லை. ஏதோ இனிஷியல் சிக்கல் என்றே சொல்லி வைத்திருந்தாள். "குடும்பப் பேரு கேட்டான். வண்டிக்காரர்னு போட்டேன். அப்படி ஒரு ஆளே இல்லங்கான்."

தவசிக்கு வேர்வை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கியது, துடைக்க அவருக்குக் கை காலியாக இல்லை. "அவன் சொல்றது சரிதான" என்றார். "இப்ப ஏது வண்டிக்காரர்."

வடிவுக்கு வந்ததே கோபம், பதினொரு நாளில் வந்ததெல்லாம் ஒன்றுமில்லை. அந்த முகமில்லாதவன் மேல் வந்தது, ரியா மேல் வந்தது, பணத்தை எடுத்ததோடு நிற்காமல் இந்த மனுசன் வாயாலேயே இப்படிச் சொல்ல வைத்துவிட்டானே என்று அந்த மூன்று லட்சத்துக்கும் மேலே ஒரு கோபம் வந்தது. நாற்காலியை இழுத்துவந்து அவரை உட்காரவைத்தாள். போனை எடுத்து அந்த வீடியோவைத் தட்டி அவர் கையில் கொடுத்தாள். செல்லையா அண்ணாச்சி பிடித்தது, பாதி நேரம் கூரை தெரிந்தது, ஆனால் குரல் எல்லாம் கேட்டது. வண்டிக்காரர் வீடு. வண்டிக்காரர் வீடுதான், நான் எங்க வேணாலும் வந்து சொல்லுதேன். பாதி வழியில பிறந்துட்டான் பேரன். தவசி போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். மாடக்கண்ணு மாமா கைகட்டி நிற்பது வந்தது, அதைப் பார்த்துவிட்டு எதிரே அரிசிப் பையோடு நின்ற மாமாவை நிமிர்ந்து பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார். முடிந்தது. திரைக்கு மேலே மணி அடித்து ஒரு வரி இறங்கியது, 'வணக்கம் வண்டிக்காரர், உங்கள் ரூ.500 காத்திருக்கிறது.' வடிவு எட்டி அதைக் கட்டைவிரலால் தள்ளினாள். ஸ்டாம்ப் மை பட்ட விரல், முதல் தடவை போகவில்லை, இன்னொரு தடவை அழுத்தித் தள்ளினாள், போனது.

"அவங்க பேசுனதத் திரும்பப் போடு" என்றார் தவசி.